பனி விலகும்வரை பொறுங்கள்: படப்பிடிப்பு பார்க்கப் போகும் வாசகர்களுக்குப் பதில்கள்

மலையகத்தில் நடக்கும் படப்பிடிப்புகள் பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எனக்கு உயிரான படத் தொடரின் அடுத்த பாகத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் எடுக்கப் போகிறார்களாம். முதல் இரண்டு பாகத்திலும் எந்த வசனம் கேட்டாலும் சொல்லுவேன். அண்ணாவோடு போய்ப் பார்க்க ஆசை. உள்ளே விடுவார்களா? எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
*தரம் 11 மாணவி, தலவாக்கலை*

நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, தங்கச்சி. ஹட்டன் – நுவரெலியா வீதி மாதிரிப் பொது வீதியின் ஓரத்தில் நின்று பார்க்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பொலிசார் தள்ளி நிற்கச் சொன்னால் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான். தோட்டத்து ரோட்டு அப்படியில்லை. அது கம்பனி நிர்வாகத்தில் இருக்கும் நிலம். படக்காரர்களே தோட்ட ஆபீசில் அனுமதி எடுத்துத்தான் வந்திருப்பார்கள். அந்தத் தோட்டத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர் மூலமாக ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

இடத்துக்குப் போனதும் நடிகரின் பாதுகாவலரிடமோ டைரக்டர் பக்கமோ போக வேண்டாம். வெளி வட்டத்தில் வாக்கிடோக்கியோடு நிற்கும் இளம் ஆட்களைத் தேடுங்கள். ஆட்களை நிறுத்துவது, வழி விடுவது எல்லாம் அவர்கள் வேலை. பெரும்பாலும் நம் நாட்டுப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். "பார்க்கலாமா?" என்று கேட்டால் "முடியாது" என்று சொல்லிவிடுவது அவர்களுக்குச் சுலபம். "நாங்கள் ரெண்டு பேர். எங்கே நின்றால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?" என்று கேளுங்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பெரிய தலைவலி. அதை நீங்களே தீர்த்துவைத்தால் நல்ல இடமாகவே காட்டுவார்கள்.

நல்ல இடம் என்பது கெமராவுக்குப் பின்னால், நடிகரின் பார்வை போகும் கோட்டுக்கு வெளியே. நடிகர் எதிரே இருப்பவரைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும்போது அந்த எதிரே இருப்பவரின் தோளுக்குப் பின்னால் போனோடு நீங்கள் தெரிந்தால் அந்த டேக் போய்விடும். இதில் புதிதாகப் போகிறவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஒருவர் பக்கம் எடுத்து முடித்ததும் கெமராவை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்புவார்கள். அதுவரை பாதுகாப்பாக இருந்த உங்கள் இடம் அப்போது சட்டகத்தின் நடுவுக்கு வந்துவிடும். லைட் ஸ்டாண்டுகளையும் ட்ராலி தண்டவாளத்தையும் கழற்றத் தொடங்கும்போதே வாக்கிடோக்கி ஆளைப் பார்த்து, "இனி எங்கே?" என்று கேட்டு நகர்ந்துவிடுங்கள்.

உடுப்பில் கவனம் வேண்டும். தேயிலைச் சரிவு முழுக்க ஒரே பச்சை. அதில் சிவப்போ மஞ்சளோ ஆன குடை ஒன்று ஒரு கிலோமீற்றர் தள்ளி எதிர் மலையில் விரிந்தாலும் அகலமான ஷாட்டில் புள்ளியாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்து, ஆள் அனுப்பி, குடையை மடக்கச் சொல்வதற்குள் வெயில் மாறிவிடும். கறுப்பு, கரும்பச்சை, சாம்பல் நிறங்களில் உடுத்துங்கள். குடையை விட்டுவிட்டு மழைக் கோட் கொண்டு போங்கள்.

சத்தத்துக்கும் மலை எதிரிதான். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் அடிக்கும் விசில் அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். முதலில் "சைலன்ஸ்" என்பார்கள். பிறகு சவுண்ட் ஓடுகிறது, கெமரா ஓடுகிறது என்று குரல்கள் வரும். கிளாப் அடிக்கும். அதன் பிறகுதான் "அக்‌ஷன்". முதல் குரல் வந்த நிமிடமே அசையாமல் நிற்க வேண்டும். சருகு மிதிபடும் சத்தமும் பொலித்தீன் பையைத் திறக்கும் சத்தமும் மைக்கில் விழும். போனை 'ஃப்ளைட் மோட்'டில் போடுங்கள். 'வைப்ரேட்' போதாது. மேசைமேல் வைத்த போன் அதிர்ந்தால் அதுவும் சத்தம்தான், போனின் அலையே சில நேரம் சவுண்ட் கருவியில் இரைச்சலாக ஏறிவிடும். "கட்" சொன்னதும் கைதட்டிவிடவும் வேண்டாம். சில வேளை எல்லோரையும் அப்படியே நிறுத்திவைத்து, அந்த இடத்தின் வெறும் ஒலியை அரை நிமிடம், ஒரு நிமிடம் பதிவு செய்வார்கள். வெட்டி ஒட்டும்போது வசனங்களுக்கு நடுவில் நிரப்ப அது வேண்டும்.

பாட்டு எடுக்கும் நாள் என்றால் நிலைமை வேறு. ஸ்பீக்கரில் பாட்டு ஓடும், இந்தக் கெடுபிடி பாதியும் இருக்காது. முதன்முதலாக ஷூட்டிங் பார்க்கிறவர்களுக்கு அந்த நாள்தான் பொருத்தம். ஆனால் வெளிவராத அந்தப் பாட்டைப் போனில் பதிந்து அனுப்புவது பெரிய துரோகம். உங்களுக்குப் பிடித்தது ஒரு தொடர் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம். யார் உயிரோடு இருக்கிறார், யார் எந்த உடையில் வருகிறார், கையில் கட்டு இருக்கிறதா என்பதெல்லாம் கதை. ஒரே ஒரு படம் வெளியே போனாலும் உங்களைப் போலவே அந்தத் தொடரை நேசிக்கும் எத்தனையோ பேரின் முதல் நாள் சந்தோஷம் கெட்டுவிடும்.

கொண்டு போக வேண்டியவை: தண்ணீர், சத்தமில்லாமல் சாப்பிடக்கூடிய சோற்றுப் பார்சல், சுவேட்டர், பிடிமானமுள்ள சப்பாத்து, அடையாள அட்டை. யூனிட் (படப்பிடிப்புக் குழு) சாப்பாடு ஆட்களை எண்ணிச் சமைப்பது, அந்த வரிசையில் நிற்க வேண்டாம். ஈரமான புல்லில் கிடக்கும் மின்சாரக் கேபிளை மிதிக்கவே வேண்டாம். காணுப் (வடிகால்) பக்கம் இரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும். காலிலும் சப்பாத்து விளிம்பிலும் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் ஏறாது. ஏறிவிட்டால் நகத்தை அதன் வாய்ப்பக்கம் கொடுத்துத் தள்ளி எடுங்கள், பிய்க்காதீர்கள். அது விட்ட பிறகும் இரத்தம் கொஞ்ச நேரம் வடியும். உறையவிடாத பொருளை அது செலுத்திவிடுவதால் அப்படி ஆகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

காலை ஆறு மணிக்குப் போய் மாலை வரை நின்றேன். ஹீரோ ஒரு கேட்டைத் திறந்து இரண்டு வரி பேசியதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. இப்படித்தானா?
*வாசகர், மஸ்கெலியா*

இப்படித்தான், தம்பி. ஒரு நாள் முழுக்க உழைத்து இரண்டு மூன்று நிமிடப் படம் கிடைத்தால் அது நல்ல நாள். கேட்டைத் திறப்பதைத் தூரத்திலிருந்து எடுப்பார்கள், பிறகு தோளுக்குப் பின்னாலிருந்து, பிறகு முகத்தை, பிறகு கையை மட்டும். ஒவ்வொன்றுக்கும் லைட் மாறும், லென்ஸ் மாறும்.

இதற்குமேல் நம் மலையின் கதை ஒன்று இருக்கிறது. முதல் ஷாட்டில் பின்னால் மலை தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது ஷாட் எடுக்கும்போது பனி ஏறி மலை மறைந்துவிட்டது. இரண்டையும் ஒட்டினால் ஒரே நிமிடத்தில் மலை காணாமல் போன மாதிரி இருக்கும். அதனால் பனி விலகும்வரை நூறு பேரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். விலகாவிட்டால் முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துச் சமாளிப்பார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு பனி ஏறுவது வழக்கம் என்பதால் அகலமான ஷாட்களைக் காலையிலேயே முடிக்கப் பார்ப்பார்கள். அடுத்த முறை போனால் காலை ஏழிலிருந்து பத்து வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள், பார்க்கத்தக்கதில் பெரும்பங்கு அந்த நேரத்தில் கிடைத்துவிடும். மாதமும் முக்கியம். மேயிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் கொட்டும். அப்போது பண்டாரவளை, எல்ல பக்கம் காய்ந்து காற்றடிக்கும். டிசெம்பரில் இருந்து பெப்ரவரி வரை, பண்டாரவளையும் எல்லவும் இருக்கும் ஊவாவுக்கு மழை. மேற்குச் சரிவில் நம்பி எடுக்கக்கூடியது ஜனவரி கடைசி தொடங்கி மார்ச் வரைக்கும்தான்.

எங்கள் ஊரில் வானமே ஒழுகுகிறது. அப்படியிருக்க ஷூட்டிங்குக்குப் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து மழை பெய்யவைக்கிறார்கள். ஏன் இந்த வீண் வேலை?
*வாசகி, நோர்வூட்*

வீண் வேலை இல்லை. நம் ஊர்த் தூறல் கண்ணுக்குத் தெரியும், கெமராவுக்குத் தெரியாது. வெள்ளை வானத்துக்கு முன்னால் மெல்லிய துளி கரைந்துவிடும். துளி தெரிய வேண்டுமென்றால் அது தடித்து விழ வேண்டும், அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்க வேண்டும். அதனால் உயரத்தில் குழாய்களைக் கட்டி, பவுசரிலிருந்து பம்ப் பண்ணி, நடிகருக்கு முன்னால் ஒரு பட்டையும் பின்னால் ஒரு பட்டையுமாக மழையைப் பொழியவைத்து, எதிர்ப்பக்கம் பெரிய லைட்டை நிறுத்துவார்கள். உண்மையான மழை "கட்" சொன்னால் நிற்காது, ஒன்பதாவது டேக்குக்கும் அதே அளவில் பெய்யாது. குழாய் மழை சொன்னபடி கேட்கும்.

அந்தத் தண்ணீரில் ராத்திரி முழுக்க நனையும் நடிகர்களை நினைத்துப் பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், அந்தக் குளிரில்தான் நனைகிறார்கள். உடைக்குள் நீச்சல்காரர் போடும் ரப்பர் சட்டை போட்டிருப்பார்கள், டேக்குக்கு டேக் கம்பளி போர்த்துவார்கள். மழை ஷாட் முடிந்த ரோட்டு சேறாக வழுக்கும். பார்க்கிறவர்கள் மேலே ஒரு மேட்டில் நிற்பது நல்லது.

கூட்டத்தில் நடிக்க 15 வயது மகனைத் தெரிவு செய்திருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பதிவுக் கட்டணம் கட்டி, பிள்ளையை ஒரு ஹோட்டலுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
*ஒரு தாய், பொகவந்தலாவை*

அனுப்ப வேண்டாம் அக்கா, காசும் கட்ட வேண்டாம். கூட்டத்தில் நிற்கிறவருக்கு யூனிட்தான் காசு கொடுக்கும், வாங்காது. வெளிநாட்டு யூனிட் என்றால் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம் வழியாக அனுமதி எடுத்து, உள்ளூர்த் தயாரிப்பு நிறுவனம் ஒன்றை வைத்து வேலை செய்யும். அந்த நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். எந்தத் தோட்டத்தில் எடுக்கிறார்கள் என்று கேட்டு அந்தத் தோட்ட ஆபீசில் விசாரியுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பொலிஸ் 119, சிறுவர் உதவி இலக்கம் 1929. உண்மையான அழைப்பாக இருந்தாலும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு பெற்றோர் ஒருவர் கடைசிவரை கூடவே இருக்க வேண்டும்.

கொழுந்து எடுக்கும் காட்சிக்கு எங்கள் அம்மாவையும் இன்னும் இருபது பேரையும் கேட்டிருக்கிறார்கள். என் அபிமான நடிகை அதில் வருகிறாராம், நானும் கூடப் போகிறேன். அம்மாவுக்கு என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?
*உயர்தர மாணவி, அக்கரப்பத்தனை*

கொழுந்து எடுக்க அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அந்த நடிகைக்கு அம்மா சொல்லிக் கொடுப்பார். விரல் நுனியால் இரண்டு இலையும் மொட்டும் கிள்ளி, பார்க்காமலே தோளுக்குமேல் கூடைக்குள் எறியும் அந்த வேகம் நடிகைக்கு ஒரு காலையில் வராது. அதனால்தான் நெருக்கமான ஷாட்டில் பல நேரம் தொழிலாளியின் கையையே எடுப்பார்கள்.

அம்மா தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. முதலாவது, பேச்சை முன்கூட்டியே தெளிவாக்க வேண்டும். அன்றைக்குத் தோட்டத்தில் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) போடுவார்களா? படக்காரர் கொடுப்பது அதற்கு மேலேயா, அல்லது அதற்குப் பதிலாகவா? அன்றைக்கு எடுக்கும் கொழுந்து நிறுக்கப்படுமா? காசு யார் கையில், எந்த நாளில்? வேலை தொடங்குவதற்கு முன்பு, எல்லோரும் ஒன்றாக நின்று, தலைவர் ஒருவரை வைத்துக் கேட்டு எழுதி வாங்குங்கள். முடிந்த பிறகு கேட்டால் யூனிட் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

இரண்டாவது, கூடை. இப்போது பல மலைகளில் பையிலும் எடுக்கிறார்கள். ஆனால் படக்காரருக்குத் தலையில் கயிறு மாட்டிய கூடைதான் வேண்டும். காட்சி தொடங்கும்போது கூடையில் கால்வாசி கொழுந்து இருந்தால் எத்தனை முறை எடுத்தாலும் கால்வாசிதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் ஒருவர் வந்து அள்ளிவிட்டுப் போவார், போனில் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். இடுப்பில் படங்கு கட்டிய விதம், முக்காடு, வளையல், தலையில் கயிறு மாட்டிய இடம் என்பதெல்லாம் முதல் நாள் போலவே இருக்க வேண்டும். மூன்று நாள் ஷூட்டிங் என்றால் மூன்று நாளும் அதே சேலை. இராத்திரி துவைத்துக் காயாவிட்டால் சிக்கல், முதலிலேயே சொல்லி இன்னொன்று அதே மாதிரி வாங்கித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மலை. இதைப் படக்காரர் பலர் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். கொழுந்து விட்ட மலை இளம்பச்சையாக மின்னும். எடுத்து முடித்த மலை கரும்பச்சையாகிவிடும். இருபது பேர் உண்மையாகவே எடுத்துக்கொண்டு போனால், மத்தியானம் கெமராவைத் திருப்பும்போது பின்னால் இருக்கும் மலையின் நிறமே மாறியிருக்கும். ஏழு நாளைக்கு ஒரு சுற்று என்று வைத்தால் திரும்ப அந்த நிறம் வர ஒரு கிழமை ஆகும். அதனால் அகலமான ஷாட்டில் கையைக் காட்டினால் போதும், கிள்ள வேண்டாம் என்பார்கள். அம்மாமாருக்குக் கை சும்மா இருக்காது. அதை முன்பே சொல்லிவையுங்கள். இடம் பார்க்க வரும்போதே, எந்த மலை எப்போது சுற்றுக்கு வருகிறது, எதில் கவ்வாத்து (செடியைக் கிளையோடு வெட்டிவிடுவது) வெட்டப் போகிறார்கள் என்று தோட்டத்தில் கேட்கிற யூனிட்தான் விவரமான யூனிட். பார்த்துவிட்டுப் போன மலை திரும்பி வரும்போது வெறும் கிளையாக நிற்பது நடக்கிற காரியம்.

பேசுகிற மாதிரி நடிக்கச் சொன்னால் வாயை மட்டும் அசைக்க வேண்டும். கெமராவைப் பார்க்கக் கூடாது. நீங்கள் கூடப் போவது நல்லது. ஆனால் அந்த நடிகையின் பக்கம் போகும் முதல் ஆளாக அம்மாவை விடுங்கள். அவர்கள் இருவரும் ஒன்றாக வேலை செய்கிறார்கள், பேச்சு தானாக வரும்.

ஒட்டோகிராப் எப்போது கேட்கலாம்?
*பலர்*

வரும்போதும், பேக்அப் ஆன பிறகும். ஷாட்டுக்கு நடுவில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தாலும் வசனமோ உணர்ச்சியோ உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிடுங்கள். உதவியாளரிடம் சொல்லிவிட்டு, பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். பனியில் ஈரம் ஏறிய தாளில் சாதாரண பேனை எழுதாது. அழியாத மை மார்க்கர் ஒன்றும், கொப்பியைச் சுற்ற ஒரு பொலித்தீன் உறையும் போதும்.

எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தில் ஷூட்டிங் நடந்தால் பாலத்துக்கு மேலே போகலாமா?
*வாசகர், பண்டாரவளை*

கூடாது. அது 1921இல் முடிந்த பாலம், எல்லக்கும் தெமோதரைக்கும் நடுவே இன்னும் புகையிரதம் ஓடும் பாதை. படக்காரர்கள் புகையிரதத் திணைக்களத்தின் அனுமதியோடும் நேரக் கணக்கோடும்தான் ஏறுவார்கள், உங்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. மேலேயுள்ள சரிவிலிருந்து பாருங்கள். அடைமழைக்குப் பிறகு மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் சரிவுக்கும் போக வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்துக் கேளுங்கள்.

இண்டியானா ஜோன்ஸ் தொடரில் கயிற்றுப் பாலம் அறுந்து விழும் காட்சி நம் நாட்டில் எடுத்ததா? அந்த இடத்தைப் போய்ப் பார்க்கலாமா?
*தரம் 9 மாணவன், கம்பளை*

ஆம் தம்பி, தொடரின் இரண்டாவது படம். 1984இல் வெளிவந்தது, இங்கே எடுத்தது 1983இல். கதை நடப்பது இந்தியாவில். அங்கே அனுமதி சிக்கலாகியதால் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் யூனிட் கண்டிக்கு வந்தது. கிராமத்து செட்டை ஹந்தானையில் போட்டார்கள். கிராமத்துப் பெரியவராக வந்தவர் நம் நாட்டு நடிகர் டி. ஆர். நாணயக்கார.

பாலம் மகாவலிப் பள்ளத்தாக்கில், அப்போது கட்டிக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கு அருகே போடப்பட்டது. அணை வேலைக்கு வந்திருந்த பிரித்தானியப் பொறியியலாளர்கள் அதற்கு உதவினார்கள். பாலத்தை ஒரே ஒரு முறைதான் அறுக்க முடியும் என்பதால் பல கெமராக்களை வைத்து, மனிதருக்குப் பதில் கைகால் அசையும் பொம்மைகளை நிறுத்தி, வெடிவைத்து அறுத்தார்கள். நெருக்கமாகத் தெரியும் பகுதிகளை இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் எடுத்தார்கள். ஆகவே திரையில் ஒரே பாலமாகத் தெரிவது உண்மையில் வெவ்வேறு இடங்கள்.

பாலத்தைத் தேடிப் போகாதீர்கள், அது இல்லை. கண்டியிலிருந்து திகன வழியாக அணைப் பக்கம் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். அணையின் உயரம் 122 மீற்றர். பாதுகாப்புள்ள இடம், பெரியவர் ஒருவரோடு போங்கள், அவர் அடையாள அட்டை வைத்திருக்கட்டும், ட்ரோன் வேண்டாம். ஹந்தானைக்குப் போவது இன்னும் சுலபம். நகரத்திலிருந்து ஏறும் வழியில் 1925இல் கட்டிய பழைய தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம்.

படத்தில் வந்த இடத்தை அடையாளம் காண மரத்தையும் வீட்டையும் நம்பாதீர்கள், நாற்பது வருடத்தில் எல்லாம் மாறிவிட்டன. மலை முகட்டின் கோடு மாறாது. காட்சியை நிறுத்தி முகட்டின் வளைவை ஒரு தாளில் பென்சிலால் வரைந்து கொண்டு போங்கள். இடம் சரியாக இருந்தும் மலை படத்தில் இருந்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தால் அது லென்ஸின் வேலை. தூர லென்ஸ் பின்னால் இருக்கும் மலையை முன்னால் இழுத்துக் காட்டும். நீங்கள் பின்னுக்கு நடந்து, போனில் ஸூம் பண்ணிப் பாருங்கள், அளவு பொருந்தி வரும். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றும் காட்சியில் கவனியுங்கள். எடுத்தது காலையிலா மாலையிலா என்று அதிலிருந்து தெரியும், அந்த நேரத்துக்கே போய்ச் சேருகிற மாதிரிக் கம்பளையிலிருந்து பஸ் எடுங்கள்.